பதினான்கு வாரம்தான் இருக்கிறது: மலைப் பாதைக்குக் கால்களை எப்படிப் பழக்குவது?

புதுவைப்பையன் (சேன்-தெனி) | வியாழன் இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கு முன் பாண்டிச்சேரி பீச் ரோட்டில் காலையில் ஓடிப் பழகிய ஆள். மாரத்தான் 3 மணி 50 நிமிடம். போன அக்டோபரில் மஸ்கரேஞ் போட்டியை, அந்த எழுபது சொச்சம் கிலோமீட்டரை, எப்படியோ நொண்டி நொண்டி முடித்தேன்.

இந்த வருடம் விளையாட்டாகப் பெயர் கொடுத்தேன், குலுக்கலில் விழுந்துவிட்டது. தியாகோனால் தே ஃபூ. தெரியாதவர்களுக்கு: 'கிறுக்கர்களின் மூலைவிட்டம்' என்று அர்த்தம். தெற்கே சேன்-பியேரில் வியாழன் ராத்திரி கிளம்பி, சிலாவோஸ், மஃபாத் மலைப்பள்ளங்களைத் தாண்டி, வடக்கே சேன்-தெனியில் லா ரெதூத் மைதானத்துக்கு ஞாயிறு மாலைக்குள் வந்துவிட வேண்டும். தூரம் 170 கிலோமீட்டருக்குப் பக்கம், மொத்த ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். முதலில் வருகிறவர்கள் 23, 24 மணி நேரத்தில் முடித்துவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். என் கணக்கு 58 மணி நேரம். அதாவது மூன்று இரவு.

இப்போது செய்வது: வாரம் 80 கிலோமீட்டர். திங்கள் முதல் வெள்ளி வரை பராஷுவா கடலோரம், ஞாயிறு 30 கிலோமீட்டர். இதையே 110 வரை ஏற்றினால் போதுமா? இன்னும் இரண்டு சங்கடம். போன வருடம் வந்த சிக்குன்குனியா இடது கணுக்காலை விட்டுப் போகவில்லை, காலையில் எழுந்தால் பத்து நிமிடம் கதவு கீல் மாதிரி இருக்கிறது. அப்புறம், புரட்டாசி. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அசைவம் கிடையாது. போட்டியே புரட்டாசிக்குள்தான் வருகிறது.

டர்பன்காரன் | வியாழன் இரவு 11:15

வாழ்த்துகள் தம்பி. நான் காம்ரேட்ஸ் நான்கு முறை ஓடியவன். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவில் 90 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட, 12 மணி நேரக் கெடு. என் அனுபவத்தில் கிலோமீட்டர்தான் மூலதனம். வாரம் 110 என்பது நல்ல எண். மூன்று வாரம் ஏற்று, ஒரு வாரம் இறக்கு. கால் தானாக வந்துவிடும். மலை என்றால் பயப்பட வேண்டாம், ஏற்றத்தில் எல்லோரும் நடக்கத்தான் செய்வார்கள்.

மல்பார் தாத்தா (சேன்-ஆந்த்ரே) | வெள்ளி காலை 5:05

தம்பிக்கு வணக்கம். நான் இத்தீவில் பிறந்தவன். தமிழை ஐம்பது வயதுக்கு மேல் வகுப்பில் கற்றேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஓட்டத்தில் ஒன்பது முறை கிளம்பினேன், ஏழு முறை வந்து சேர்ந்தேன்.

உன் கணக்கில் கிலோமீட்டர் இருக்கிறது. ஏற்றம் எங்கே? இறக்கம் எங்கே? கடலோரத்தில் நூறு கிலோமீட்டர் ஓடினாலும் உன் தொடைக்கு மஃபாத் தெரியாது. வந்து சேராத அந்த இரண்டு முறையும் என்னை நிறுத்தியது ஏற்றம் அல்ல. இரண்டு முறையும் சிலாவோஸில் நின்றேன். கேர்வெகன் மேட்டு இறக்கத்துக்குப் பிறகு.

புதுவைப்பையன் | வெள்ளி காலை 7:30

ஐயா, கேர்வெகன் நான் பகலில் ஒருமுறை ஏறியிருக்கிறேன். இறங்கியதில்லை. அவ்வளவு மோசமா?

மல்பார் தாத்தா | வெள்ளி மாலை 6:20

ஏறும்போது அது நல்ல பாதை. இறங்கும்போது வேறு பாதை. இரும்பு ஏணிகள் உண்டு. மரக்கட்டை வைத்த படிகள் உண்டு, ஒன்று அரை முழம், அடுத்தது முழங்கால் உயரம். வேர் ஈரமாக இருக்கும். இதற்கு முன் ஓர் இரவு முழுக்க ஏறியிருப்பாய், மார்-ஆ-பூ சேற்றிலும் குளிரிலும் நடந்திருப்பாய். பிறகுதான் இந்த இறக்கம். சிலாவோஸ் போய்ச் சேரும்போது தொடை நடுங்கினால், உனக்கு எதிரே தாய்பித் கணவாய் நிற்கும். அதில் ஏறலாம். ஆனால் மறுபுறம் மர்லாவுக்கு இறங்க வேண்டுமே.

வெள்ளை அங்கி அக்கா | வெள்ளி இரவு 10:02

ஐயா சொல்வதற்குப் பின்னால் உள்ள உடற்கூற்றை மட்டும் சொல்கிறேன் (செவிலியர், சேன்-போல், நானும் மெதுவாக ஓடுபவள்தான்).

ஏறும்போது தொடைத் தசை சுருங்கியபடி வேலை செய்கிறது. மூச்சு வாங்கும், ஆனால் தசைக்குப் பெரிய சேதம் இல்லை. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் அதே தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. மூச்சு வாங்காது, அதனால் சுலபம் என்று தோன்றும். உள்ளே தசை நார்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்துகொண்டிருக்கும். வலி அடுத்த நாள், அதற்கடுத்த நாள்தான் உச்சத்துக்கு வரும். சாதாரண ஓட்டத்தில் அந்த நேரம் சோபாவில் இருப்போம். இந்தப் போட்டியில் அந்த நேரம் மஃபாத்துக்கு நடுவில் இருப்போம். அங்கே ரோடே கிடையாது. கால் அல்லது ஹெலிகாப்டர்.

நல்ல செய்தி: ஒருமுறை நன்றாக அடி வாங்கிய தசை, அதே அடியை அடுத்த சில வாரங்களுக்குத் தாங்கக் கற்றுக்கொள்கிறது. ஒரே நாளில் கொட்டித் தீர்க்க வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நீண்ட இறக்கம் ஒன்று, நடுவில் சின்னச் சின்ன இறக்கங்கள். கடைசிப் பெரிய இறக்கம் போட்டிக்கு மூன்று வாரம் முன்னால் முடிந்துவிட வேண்டும்.

சிக்குன்குனியா கணுக்காலை இரண்டு நாளைக்கு மேல் வீங்க விடாதே. வீங்கினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டு. தினமும் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில். ஒரு வாரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு நில். சிரிக்காதே. தலைவிளக்கு வெளிச்சத்தில் கல் மேல் கால் வைக்கும்போது கண் தாமதமாகத்தான் சொல்லும், கணுக்காலே முடிவெடுத்தாக வேண்டும்.

டர்பன்காரன் | சனி காலை 8:45

அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கும் கீழ்நோக்கி ஓடும் வருடங்களில் ஃபீல்ட்ஸ் ஹில் என்று தார் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் இறக்கம் உண்டு, அங்கேதான் பாதிப் பேருக்குத் தொடை போகும். ஆனால் கிலோமீட்டர் வேண்டவே வேண்டாம் என்பது சரியில்லை. இதயம், நுரையீரல் எல்லாம் எங்கிருந்து வரும்?

மல்பார் தாத்தா | சனி மதியம் 1:10

வேண்டாம் என்று யார் சொன்னார்? அவன் மூச்சு ஏற்கெனவே நன்றாக இருக்கிறது. மாரத்தான் நான்கு மணிக்குள் ஓடுகிறான். நான் அதை ஒருநாளும் செய்ததில்லை. இருந்தும் ஏழு முறை லா ரெதூத்தில் 'நான் பிழைத்தேன்' என்று எழுதிய சட்டை வாங்கியிருக்கிறேன். அவனிடம் இல்லாததை அவன் தேடட்டும்.

போர்லூயி | சனி மதியம் 2:30

மொரீஷியஸிலிருந்து ஒரு அழுகுரல். எங்கள் தீவிலேயே உயரமான மலை 828 மீட்டர். உங்கள் தாய்பித் ஏற்றம் ஒன்றே அவ்வளவு. நான் ல பூஸ் மலையில் ஒரே காலையில் மூன்று முறை ஏறி இறங்குகிறேன். வாழைப்பழம் விற்கும் அம்மா, "எதையாவது தொலைத்துவிட்டாயா?" என்று கிரெயோலில் கேட்டார்.

புதுவைப்பையன் | சனி மாலை 5:00

😂 அண்ணா, மூன்று முறை இறங்குகிறீர்கள் அல்லவா, என்னைவிட நீங்கள் தயார்.

சரி, கணக்கை மாற்றிவிட்டேன். வாரம் 55 கிலோமீட்டர், ஆனால் 2,500 மீட்டர் ஏற்றமும் அதே அளவு இறக்கமும். செவ்வாய்: அலுவலகம் முடிந்ததும் லா ரெதூத்திலிருந்து மேலே கொலராதோ மேடு வரை ஏறி இறங்குவது. வியாழன்: மாடிப்படி, முதுகில் ஆறு லிட்டர் தண்ணீர். மாதம் ஒருமுறை சனி-ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து. ஊன்றுகோல் வைத்துப் பழகலாமா?

மல்பார் தாத்தா | சனி மாலை 7:15

இந்தப் போட்டியில் கோல் கூடாது. கோலோடு பழகிய தோள் அன்றைக்குத் தேடும். வேண்டாம்.

வெள்ளை அங்கி அக்கா | ஞாயிறு காலை 6:50

புரட்டாசி விஷயத்துக்கு வருகிறேன். எடை எவ்வளவு? 64 கிலோ என்று வைத்தால் ஒரு நாளைக்கு 100 கிராம் புரதம் நல்ல இலக்கு. சோறும் சாம்பாரும் மட்டும் அதைத் தராது, சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம். சிலாவோஸ் பயறு இருக்கிறதே, காய்ந்த அளவில் 100 கிராம் எடுத்தால் 25 கிராம் வரை புரதம். மதியம் அது, மாலை சுண்டல், ராத்திரி தயிர், நடுவில் சோயா. முட்டையும் கிடையாதுதானே? அப்படியானால் புரட்டாசி பிறக்கும் அன்றைக்குத் திடீரென்று மாறாமல் ஆவணியிலேயே பழகு. வயிற்றுக்கு அதிர்ச்சி கொடுக்கும் நேரமில்லை அது.

ஓடும்போது மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து போக வேண்டும். ஓட்டக்காரர்கள் பிதுக்கிச் சாப்பிடும் சர்க்கரை ஜெல் பத்தாவது மணி நேரத்துக்கு மேல் குமட்டும். எனக்கு எலுமிச்சம் சாதம்தான். ஒரு கைப்பிடி உருண்டை, 150 கிராம் சோறு, 40 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். உப்பு தூக்கலாக, கடலை போடாமல் (ஏறும்போது புரை ஏறும்). சின்ன பிளாஸ்டிக் பையில் கட்டி, மூலையைக் கிழித்து, பிதுக்கிச் சாப்பிட வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது.

போர்லூயி | ஞாயிறு காலை 9:20

ராவித்தோவில் (வழியில் சாப்பாடு, தண்ணீர் தரும் நிறுத்தம்) சாப்பாடு கிடைக்குமே? சோறும் கோழிக் கறியும் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மல்பார் தாத்தா | ஞாயிறு காலை 11:00

கிடைக்கும். கோழியை ஒதுக்கிவிட்டுச் சோறும் பயறும் கேள், கொடுப்பார்கள். நானும் பல முறை கரேமில் ஓடியிருக்கிறேன். கரேம் என்றால் எங்கள் விரதம், தீ மிதிப்புக்கு முன் இருப்போம், மீன், இறைச்சி எதுவும் இல்லை. டிசம்பர் தீ மிதிப்புக்கு நான் சீக்கிரமே தொடங்கிவிடுவேன்.

டர்பன்காரன் | ஞாயிறு காலை 11:25

தீ மிதிக்கிற காலா? அப்படியானால் உங்களுக்குக் கொப்புளமே வராது, ஐயா!

மல்பார் தாத்தா | ஞாயிறு காலை 11:40

தீயில் ஒருநாளும் வந்ததில்லை. சாக்ஸில் வந்தது.

காரணமும் சொல்கிறேன். மார்-ஆ-பூவில் கால் நனைந்தது. மாற்றவில்லை. சிலாவோஸ் வருவதற்குள் பாதத்தின் தோல் ஊறிய அப்பளம் போல் மடிந்துவிட்டது. அந்த மடிப்பின் மேல் இறங்கினேன். இப்போது கிளம்பும்முன் பாதம் முழுக்கக் கிரீம் தடவுகிறேன், சிலாவோஸில் கழுவித் துடைத்துப் பத்து நிமிடம் வெயிலில் காட்டுகிறேன், புது சாக்ஸ், மறுபடி கிரீம். நகத்தை ஒரு வாரம் முன்பே ஒட்ட வெட்டி அரத்தால் தேய்த்து வை. இறக்கத்தில் பெருவிரல் ஷூவின் முன்பக்கத்தில் இடிக்கும். ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும்.

வெள்ளை அங்கி அக்கா | ஞாயிறு இரவு 8:30

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன், இதைப் பெரிய எழுத்தில் படியுங்கள். வலிக்கிறது என்று இபுபுரூஃபன் மாதிரி மாத்திரை போடாதீர்கள். உடம்பில் நீர் குறைந்து, தசை சிதைந்து, சிறுநீரகம் ஏற்கெனவே தடுமாறும் நேரத்தில் அது இன்னொரு உதை. சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் போட்டி முடிந்தது, அங்கேயே உட்கார்ந்து மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். அதே போல், தாகமே இல்லாமல் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும்.

பயிற்சியில் காலில் கீறலோடு சேற்றிலும் ஓடையிலும் நடந்துவிட்டு, ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் ஓட்டத்தால் வந்த வலி என்று நினைக்காதீர்கள். எலிக்காய்ச்சல் இந்தத் தீவில் உண்டு. மருத்துவரிடம் மலையில் நடந்ததைச் சொல்லுங்கள்.

புதுவைப்பையன் | மூன்று வாரம் கழித்து, திங்கள் இரவு

அறிக்கை. வெள்ளி ராத்திரி வேலை முடித்து, சனிக்கிழமை விடியற்காலை நண்பர் ஒருவர் காரில் கொண்டுபோய் மலை மேல் விட்டார். இருட்டிலேயே நடந்து கேர்வெகன் மேட்டுக்கு வந்தபோது வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. கையுறை எடுத்துப் போகவில்லை, விரல் மடங்கவில்லை. (ஆகஸ்ட் குளிர். ரீயூனியன் என்றால் கடலும் தென்னை மரமும் என்று நினைத்து அம்மா போர்வை அனுப்பாமல் விட்டார்.)

இறக்கத்தில் முதல் ஏணி வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். அப்புறம் பாட்டு நின்றுவிட்டது. ஒரு வேரில் கால் வழுக்கி இடுப்பில் உட்கார்ந்தேன். கண்டது ஒன்று: நான் பயந்து உடம்பைப் பின்னால் சாய்க்கும்போதெல்லாம் வழுக்குகிறது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியாக, மூக்கு கால்விரலுக்கு நேராக வந்தால் நிற்கிறது. யாரோ ஒரு பெரியவர், முதுகில் சாக்கு, காலில் பிளாஸ்டிக் செருப்பு, என்னைத் தாண்டி இறங்கிப் போனார். சத்தமே இல்லை. அவர் கால் வைத்த கல்லில் நான் கால் வைத்துக் கொஞ்ச தூரம் போனேன், மூன்றாவது திருப்பத்தில் காணாமல் போய்விட்டார்.

ஞாயிறு தாய்பித். பாதியில் மூலிகைத் தேநீர் விற்கும் இடம், அந்தத் தேநீருக்கு 'அசான்சேர்' என்று பெயர், லிஃப்ட் என்று அர்த்தம். குடித்தேன். லிஃப்ட் வரவில்லை. ஆனால் நன்றாக இருந்தது. மர்லா இறங்கிப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பி வந்தேன்.

இன்று திங்கள். அலுவலகத்தில் கழிப்பறையில் உட்கார முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மல்பார் தாத்தா | செவ்வாய் காலை 5:00

மிக நன்று. மூன்று வாரம் கழித்து அதே பாதைக்குப் போ. புறப்படும்முன் ஓ.என்.எஃப். (இங்கே காடுகளைப் பார்த்துக்கொள்ளும் வனத்துறை) வெளியிடும் மூடிய பாதைகளின் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போ. 2025 பிப்ரவரி காரான்ஸ் புயல் போட்ட அடிக்குப் பிறகு எந்த மலைச் சரிவையும் நான் நம்புவதில்லை. மூடிய பாதையில் ஒரு ஆள் போனால், தேடி வர நான்கு ஆள் போக வேண்டும். தனியாகப் போகிறாய் என்றால் யாரிடமாவது நேரம் சொல்லிவிட்டுப் போ. அவசரம் என்றால் 112.

போர்லூயி | செவ்வாய் மதியம் 12:40

தூக்கத்தை யாரும் பேசவில்லையே? மூன்று இரவு என்றால் எப்படி?

மல்பார் தாத்தா | செவ்வாய் மாலை 6:45

முதல் இரவு தூக்கம் வராது. இரண்டாம் இரவு வரும். அப்போது ராவித்தோவில் இருபது நிமிடம் படு, மணி வைத்துப் படு. மூன்றாம் இரவு தூக்கம் உன்னைக் கேட்காது. ஒரு வருடம் சான் சூசிக்குக் கீழே, பாதையோரத்தில் நின்ற ஷோக்காச் செடிக்கு (கற்றாழை மாதிரி இருக்கும்) வணக்கம் சொல்லிவிட்டு, பதில் சொல்லவில்லையே என்று கோபமும் பட்டேன். பின்னால் வந்த பெண்மணி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பதினைந்து நிமிடம் கல் மேல் தூங்கினேன். எழுந்தபோது செடி செடியாக இருந்தது.

இதற்குப் பயிற்சி தூங்காமல் இருப்பதல்ல. இரவில் நடந்து பழகுவது. பாதை இரவில் எப்படி இருக்கும் என்று கால் தெரிந்துகொள்ள வேண்டும்.

டர்பன்காரன் | செவ்வாய் இரவு 9:10

தோற்றேன், ஐயா. எங்கள் போட்டியில் சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். செடியோடு சண்டை போட எங்களுக்கு நேரமில்லை.

புதுவைப்பையன் | மேலும் மூன்று வாரம் கழித்து, ஞாயிறு இரவு

இரண்டாவது கேர்வெகன். அதே இறக்கம், இந்த முறை முதுகுப்பையில் கட்டாயப் பொருட்கள் எல்லாம்: மழைச் சட்டை, உயிர்காப்புப் போர்வை, விசில், இரண்டு விளக்கு, மாற்று பேட்டரி, ஒட்டும் பட்டி. நேரம் முன்பைவிட ஏழு நிமிடம்தான் குறைவு. ஆனால் சிலாவோஸ் மாதா கோயில் எதிரே உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். சுவர் தேவைப்படவில்லை. கணுக்கால் லேசாகக் கனக்கிறது, வீக்கம் இல்லை அக்கா. பல் தேய்க்கும்போது கண்ணை மூடி நாற்பது எண்ணும் வரை நிற்கிறேன்.

மிச்சம் இருப்பது இரவுப் பயிற்சி. தனியாகப் போக, உண்மையைச் சொன்னால், பயம்.

மல்பார் தாத்தா | திங்கள் காலை 5:10

கடைசிப் பகுதியை நாம் சேர்ந்து செய்வோம். கிராந்த் ஷலூப்பிலிருந்து ஆங்கிலேயர் பாதை. எல்லோரும் மைதோ ஏற்றத்தைத்தான் பேசுவார்கள், ரோஷ் பிளாத்திலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர், பேசட்டும். ஆனால் மூன்றாம் இரவில் ஆளை அழ வைப்பது இந்தக் கருங்கல் பாதைதான். ஒரு கல்லும் இன்னொரு கல்லும் ஒரே மட்டத்தில் இராது, பனி இறங்கினால் வழுக்கும். நகரத்தின் விளக்கு கொலராதோ தாண்டித்தான் சரியாகத் தெரியும்.

பாதை தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் பழைய லாசரே இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து அடைத்து வைத்த இடம். என் பாட்டனின் தகப்பனார் அங்கேதான் இறங்கினார் என்று வீட்டில் சொல்வார்கள். நான் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு நிமிடம் நிற்பேன். உனக்கு அவசரம் என்றால் நீ முன்னால் போ.

சனிக்கிழமை காலை மூன்று மணி, பழைய ரயில் நிலையத்தருகில்.

புதுவைப்பையன் | திங்கள் காலை 7:25

நானும் நிற்கிறேன் ஐயா. எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு வரட்டுமா?

மல்பார் தாத்தா | திங்கள் காலை 7:40

வா. பிளாஸ்டிக் பையில் வேண்டாம், டப்பாவில் கொண்டு வா. மிளகாய் அஷார், நம் ஊறுகாய்தான், நான் எடுத்து வருகிறேன்.

போர்லூயி | திங்கள் காலை 8:15

சனிக்கிழமை காலை ரீயூனியனுக்கு விமானம் எத்தனை மணிக்கு என்று யாருக்காவது தெரியுமா?